சூடு கண்ட கார்டு!

மே மாதம், மத்தியானம் மூணு மணி. தாம்பரம் பக்கம் ஒரு மொட்டை மாடி ரூம். தலைக்கு மேல ஃபேன் சுத்துது, ஆனா இறங்குறது அனல் காத்து. நீங்க கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து, நாளைக்குக் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட்டை ஓடவிட்டிருக்கீங்க. (சரி சரி, கேம்தான் ஆடுறீங்க. வீட்டுல சொல்ல மாட்டேன்!) முதல் பத்து நிமிஷம் எல்லாம் ஸ்மூத். அப்புறம் கேபினெட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம், மீனம்பாக்கத்துல விமானம் கிளம்புற மாதிரி ‘உய்ய்ய்ங்’னு. படம் திக்கித் திணறுது. அடுத்த நிமிஷம் திரை கறுப்பு.

உடனே மனசுல ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான். ‘கிராபிக்ஸ் கார்டு அவுட். புதுசு வாங்கணும். அப்பாகிட்ட எப்படிக் கேக்குறது?’

கொஞ்சம் பொறுங்க பாஸ். பல நேரம் கார்டு சாகலை, அதுக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான். இந்த வாரம் அந்த மூச்சுத் திணறலுக்குத்தான் வைத்தியம். கார்டோடு கம்பெனி கொடுத்த கூலரைக் கழற்றிவிட்டு, வேறு கூலரை மாட்டுவது எப்படி? அதைவிட முக்கியம், எப்போ அதில் கையே வைக்கக் கூடாது?

நான் கொன்ற கார்டு

முதல்ல என் பாவத்தைச் சொல்லிடுறேன். அப்போதான் பின்னால நான் சொல்லப்போறதை ஒழுங்கா கேட்பீங்க.

2009 கோடை. இரும்புலியூர்ல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருந்தோம். அதுல ஒருத்தன் காலேஜ் முடிஞ்சதும் ஒரு டி.டி.பி. சென்டர்ல வேலை பார்ப்பான். அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வெச்சு என்விடியா 8600 ஜி.டி. கார்டு வாங்கினான். நாலாயிரத்துச் சொச்சம். எங்க ரூம் வாடகையைவிட ஜாஸ்தி. லீவுக்குள்ள திரீ-டி மேக்ஸ் கத்துக்கிட்டு அனிமேஷன் கம்பெனியில சேரணும்கிறது அவன் கனவு.

கார்டில் இருந்த குட்டி ஃபேன் கரகரன்னு கத்த ஆரம்பிச்சுது. “விடுடா மாப்ளே, நான் பார்த்துக்கிறேன்”னு ஹீரோ மாதிரி கிளம்பினேன். மின்சார ரயில் ஏறி, பூங்கா ஸ்டேஷன்ல இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிச்சு ரிச்சி தெரு. பளபளன்னு ஒரு செம்புக் கூலர் வாங்கிட்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு ஆபரேஷனை ஆரம்பிச்சேன்.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றியாச்சு. பழைய கூலர் வரலை. உள்ளே இருந்த பேஸ்ட் காய்ந்து சிமென்ட் மாதிரி பிடிச்சிருந்தது. இழுத்தேன், வரலை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினேன். ‘டிக்!’

கூலர் வந்துடுச்சு. கூடவே கடுகு சைஸ்ல ஏதோ ஒண்ணு தெறிச்சு தரையில ஓடுச்சு. அது ஒரு கெபாசிட்டர். அப்போ அது எங்களுக்குத் தெரியாது. புதுக் கூலரை ஜோரா மாட்டி ஆன் பண்ணினோம். திரை முழுக்க வரி வரியா கோலம். அதோட சரி.

அவன் திட்டலை. “சரி, விடுடா”ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டான். திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். அஞ்சு மாசம் ட்யூஷன் எடுத்து காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனா அவனோட அந்த லீவை எங்கிருந்து திருப்பிக் கொடுக்கிறது?

இத்தனை வருஷத்துல அதுக்கப்புறம் நிறைய கார்டுகளைப் பிரிச்சு மாட்டியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்த ‘டிக்’ காதுல கேட்கும். போன மாசம் சேலையூர்ல இருந்து ஒரு தம்பி தன்னோட கார்டைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்து நின்னப்பவும் கேட்டுச்சு.

தம்பியின் பிரச்னை

ஃபைனல் இயர் படிக்கிறான். சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் ஏரிகளில் ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கு என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கணும், அதுதான் ப்ராஜெக்ட். அதற்குப் பயிற்சி கொடுக்க கார்டு மணிக்கணக்கா ஓடணும். கையில் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய என்விடியா ஜி.டி.எக்ஸ் 1060. 2016-ல் வந்த மாடல். ரெண்டு ஃபேனில் ஒண்ணு சுத்தவே இல்லை. அரை மணி நேரத்தில் சூடு 92 டிகிரி.

“அண்ணா, சீனியர் ஒருத்தர் போறப்போ ஒரு பெரிய கூலர் கொடுத்துட்டுப் போனார். இதை மாட்டிடலாமா? அடுத்த திங்கக்கிழமை ரிவ்யூ.”

“மாட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி சூடு எங்கே மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு பார்ப்போம்”னேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்றேன்.

சூட்டின் ரயில் பயணம்

ஜி.டி.எக்ஸ் 1060 முழு வேகத்தில் 120 வாட் மின்சாரம் குடிக்கும். ரெண்டு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்குச் சமம். குடித்த மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதில் பெரும்பகுதி கிளம்பும் இடம் எவ்வளவு பெரிசு தெரியுமா? அந்தச் சில்லின் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர். அதாவது வெறும் 2 சதுர சென்டிமீட்டர். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்க. 1,000 வாட் பெட்டி, அடிப்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். கார்டின் சில்லில்? சுமார் 60 வாட். இஸ்திரிப் பெட்டியைவிடப் பன்னிரண்டு மடங்கு நெருக்கமான சூடு!

இந்தச் சூடு வெளியே போகும் பாதையைக் கடற்கரை - தாம்பரம் லைன் மாதிரி நினைச்சுக்குங்க. சில்லில் கிளம்பி, பேஸ்ட், செம்பு அடிப்பாகம், ஹீட் பைப், அலுமினியத் தகடு, ஃபேன் காத்து, கேபினெட், கடைசியாக உங்க ரூம் ஜன்னல். நடுவில் எந்த ஸ்டேஷனில் சிக்னல் விழுந்தாலும் பின்னால் வர்ற அத்தனை வண்டியும் நிக்கும். மாம்பலத்தில் வண்டி நிக்கும்போது தாம்பரத்தில் புதுசா ரெண்டு பிளாட்பாரம் கட்டி என்ன பிரயோஜனம்? ஜன்னலே இல்லாத ரூமில் உட்கார்ந்துகொண்டு பெரிய கூலர் மாட்டுவதும் அதே கதைதான்.

இந்தப் பாதையில் மோசமான வில்லன் காற்று. காற்று வீசினால் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் ரெண்டு உலோகத்துக்கு நடுவில் அசையாமல் சிக்கிக்கொண்டால் போர்வை மாதிரி மூடிவிடும். வெப்பக் கடத்தல் எண்ணைப் பாருங்க. செம்புக்கு சுமார் 400, அலுமினியத்துக்கு சுமார் 235, காற்றுக்கு வெறும் 0.026. கண்ணுக்கு வழவழன்னு தெரியும் உலோகத்திலும் நுண்ணிய மேடு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் காற்றுக்குப் பதில் பேஸ்ட் போய் உட்காரணும். அதுக்குத்தான் தெர்மல் பேஸ்ட்.

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சாதாரணமா கிடைக்கிற பேஸ்ட்டின் எண் 4-ல் இருந்து 10 வரைக்கும்தான். காற்றைவிட எவ்வளவோ மேல், செம்போடு ஒப்பிட்டால் ஒண்ணுமே இல்லை. அதனால ‘நிறைய வெச்சா நிறைய குளிரும்’னு தோசைக்குச் சட்னி ஊத்துற மாதிரி ஊத்தாதீங்க. பள்ளம் நிரம்பினா போதும்.

அப்புறம் ஹீட் பைப். அது திடமான செம்புக் கம்பி இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டு, துளி தண்ணீர் விட்டு அடைத்த குழாய். காற்றழுத்தம் இல்லாததால் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்குப் போய் மறுபடி தண்ணீராகி, உட்சுவரில் உள்ள திரி மாதிரி அமைப்பு வழியாகத் திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் ஆவி தண்ணியாகிச் சொட்டுமே, அதே டெக்னிக். அதனால ஹீட் பைப்பை இடம் பத்தலைன்னு வளைக்கவோ நசுக்கவோ கூடாது.

கத்தியே பேர் வாங்கிய கார்டு

கூலர் மாத்துற பழக்கம் ஏன் வந்தது? 2003-ல் வந்த என்விடியா எஃப்.எக்ஸ் 5800 அல்ட்ராவை, முடி உலர்த்தும் டிரையர் மாதிரி கத்துதுன்னு உலகமே ஓட்டுச்சு. கடைசியில் அந்த நிறுவனமே தன்னைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்தது! 2007 அக்டோபரில் வந்த 8800 ஜி.டி. வேகத்தில் கில்லி. ஆனால் ஒற்றை ஸ்லாட்டில் அடங்கும் ஒல்லிக் கூலர். கொதிக்காமல் என்ன செய்யும்? இந்த இடைவெளியில்தான் சுவிட்சர்லாந்தில் 2001-ல் தொடங்கிய ஆர்க்டிக் கூலிங், கொரியாவின் ஸால்மன் மாதிரி கம்பெனிகளின் கூலர்கள் சக்கைப் போடு போட்டன.

சத்தம் மட்டும் பிரச்னை இல்லை. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மறுபடி சூடாகும்போது சில்லுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ஈயப் பற்று இணைப்புகள் களைத்து விரிசல் விடலாம். 2008 ஜூலையில், பழுதான லேப்டாப் சில்லுகளுக்காக 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா அறிவித்தது. சில்லைப் பொதியும் பொருளின் பலவீனம்தான் காரணம்னு சொன்னாங்க. சூடு என்பது சும்மா தெர்மாமீட்டர் சமாசாரம் இல்லை.

இப்போ வர்ற கார்டுகளில் பலவற்றில் கம்பெனியே ரெண்டு மூணு ஃபேன் வைத்துத் தருகிறது. அதனால் தனிக் கூலர் சந்தை சுருங்கிவிட்டது. இன்னிக்குக் கூலர் மாத்த வேண்டிய தேவை யாருக்கு? நம்ம தம்பி மாதிரி, பழைய கார்டை இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியே ஆகணும்கிறவங்களுக்கு.

முதல்ல இலவச வைத்தியம்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு காரியம். மூணும் ஓசி.

ஒண்ணு, தூசி. ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் குடியிருக்கிறவங்களுக்கு நான் சொல்லணுமா? பெயின்ட் பிரஷ் ஒண்ணு போதும், தகடுகளுக்கு நடுவில் மெதுவாகத் தட்டி எடுங்க. பிளோயர் வெச்சு ஊதினா ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கிட்டு ஊதுங்க. கன்னாபின்னான்னு சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

ரெண்டு, கதவைத் திறந்து பார்க்கிற சோதனை. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுங்க. சூடு எட்டு, பத்து டிகிரி குறைஞ்சா குற்றவாளி கார்டு இல்லை, கேபினெட்டில் காற்றோட்டம் இல்லை. கேபினெட் ஃபேன் ஒண்ணு போட்டா மேட்டர் ஓவர். கம்ப்யூட்டர் டேபிளின் அலமாரிக்குள்ள சி.பி.யு-வை அடைச்சு வெச்சிருக்கிற புண்ணியவான்களே, முதல்ல அதை வெளியே எடுங்க!

மூணு, பவர் லிமிட். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் மாதிரி இலவச மென்பொருளில் கார்டின் மின்சார வரம்பை 80 சதவீதமா குறைச்சுப் பாருங்க. சூடு நல்லா இறங்கும், வேகத்தில் பெரிய இழப்பு இருக்காது.

இந்த மூணிலேயே பாதிப் பேர் பிரச்னை தீர்ந்துடும். வாரன்டி பாக்கி இருக்கா? அப்போ கூலரில் கை வைக்காதீங்க. ஸ்க்ரூ மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கிழிஞ்சா பல கம்பெனிகள் கையை விரிச்சிடும்.

தம்பி கார்டில் வாரன்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. தூசி தட்டினோம், கதவைத் திறந்தோம், நாலு டிகிரிதான் குறைஞ்சுது. ஒரு ஃபேன் செத்துடுச்சே, என்ன பண்றது? சரி, ஆபரேஷன்தான்.

கழற்றுவோம்

முதலில் அளவு. பெரிய கூலர் மூணு ஸ்லாட் இடத்தைக்கூட அடைக்கும். கேபினெட்டில் நீளம், உயரம், பக்கத்து ஸ்லாட் எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சு அளந்தோம். சில்லைச் சுத்தி இருக்கிற நாலு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் புதுக் கூலரோடு பொருந்தணும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் வேலைக்கு ஆகாது. கூலர் கையில் இருக்கேன்னு கார்டைத் துளைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அப்புறம் கரண்ட். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டோம். நிறைய ரூம்களில் மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வர்ட்டரில் சொருகி வெச்சிருப்பாங்க. எர்த் இருக்காது, கேபினெட்டைத் தொட்டா ‘ஜிவ்’வுனு இழுக்கும். அந்த நிலைமையில கார்டைத் தொடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.

“இப்ப கழற்றலாமாண்ணா?”

“இரு. முதல்ல சூடு பண்ணு.”

முழிச்சான். 2009-ல் நான் செய்யாமல் விட்டது இதுதான். கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கார்டை ஓடவிட்டு நிறுத்தணும். வெதுவெதுப்பில் பேஸ்ட் இளகியிருக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் கூலரை மேலே இழுக்கக் கூடாது, நெம்பவே கூடாது. பாட்டில் மூடியைத் திருகுவது போல இடமும் வலமுமாக நூல் அளவு அசைத்துக்கொண்டே இருக்கணும். தானா விட்டுக்கொடுக்கும். விடலைன்னா ஹேர் டிரையரால் மறுபடி கொஞ்சம் சூடு காட்டுங்க. விட்டதும் சட்டுனு தூக்காதீங்க, ஃபேன் வயர் கார்டோடு இணைஞ்சிருக்கும். அதை முதல்ல பிடுங்கணும்.

தம்பி கிட்டயே விட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் ஆச்சு. எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது. ‘பச்சக்’னு சத்தம். ‘டிக்’ இல்லை, ‘பச்சக்’. நல்ல சத்தம்!

கழற்றின ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒண்ணா போட்டான். ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கிட்டான். நம்ம காலத்துல இதெல்லாம் யார் பண்ணா?

மாட்டுவோம்

பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய வேட்டித் துணியால் துடைத்தோம். துணியில் நூல் பிசிறு இருக்கக் கூடாது. சில்லு கண்ணாடி மாதிரி மின்னணும், உங்க முகமே அதில் தெரியணும்.

அடுத்து மெமரி சில்லுகள். பழைய கூலர் சில்லை மட்டும் குளிர்விக்கலை, சுத்தி இருக்கிற மெமரியையும், மின்சாரத்தைச் சீராக்கும் மாஸ்ஃபெட்களையும் சேர்த்துத்தான் தொட்டுக்கிட்டு இருந்தது. புதுக் கூலர் நடுவில் மட்டும் உட்காரும். அதனால ஒவ்வொரு மெமரி சில்லுக்கும், மாஸ்ஃபெட்டுக்கும் தனித்தனியா குட்டி ஹீட் சிங்க் ஒட்டணும். இதை மறந்தால் ஜி.பி.யு. சூடு 60 காட்டும், நீங்களும் காலரைத் தூக்கிவிட்டுப்பீங்க. பக்கத்தில் மாஸ்ஃபெட் சத்தமில்லாமல் வெந்துக்கிட்டு இருக்கும். ஒட்டுவதற்கு வெப்பம் கடத்தும் ரெட்டைப் பக்க டேப் நல்லது. வெப்பப் பசை போட்டா திரும்பப் பிரிக்கவே முடியாது, சில்லோடு பிய்த்துக்கொண்டு வரும். குட்டி ஹீட் சிங்க் பக்கத்துப் பாகங்களில் உரசாம இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அது உலோகம், ஷார்ட் ஆயிடும்.

சில கூலர்களில் குட்டி ஹீட் சிங்குக்குப் பதிலா தெர்மல் பேட் கொடுப்பாங்க. அதோட தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினாலும் கூலர் சில்லைத் தொடாம அந்தரத்தில் நிக்கும். சொன்ன தடிமனைத்தான் போடணும்.

இப்போ பேஸ்ட். சில்லின் நடுவில் துவரம்பருப்பு அளவு. ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் நாலு மூலைக்கும் மெல்லிசா இழுத்துவிட்டோம். கம்ப்யூட்டர் பிராசஸர் மேல உலோக மூடி இருக்கும், அது சூட்டைப் பரப்பிடும். கிராபிக்ஸ் சில்லு பெரும்பாலும் மொட்டையா இருக்கும். ஒரு மூலையில் பேஸ்ட் இல்லைன்னா அந்த மூலை கொதிக்கும்.

கூலரை நேரா இறக்கி, ஸ்க்ரூக்களை எதிர் எதிர் மூலையா, கால் திருகு கால் திருகா முடுக்கினோம். கார் டயர் நட்டை மெக்கானிக் எப்படி முடுக்குவார், அது மாதிரி. ஒரு பக்கம் முழுக்க முடுக்கினால் சில்லின் எதிர் ஓரம் உடையலாம். கை நின்னுடுச்சுன்னா நிறுத்திடணும். பலத்தைக் காட்ட ஜிம் இருக்கு.

கடைசியா ஃபேன் வயர். கார்டில் இருக்கிற நாலு பின் சாக்கெட் ரொம்பக் குட்டி. கேபினெட் ஃபேன் வயர் அதில் சேராது. அதற்கென்று மாற்று வயர் இருக்கு, ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்க. இப்போ மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம்தான். மாட்டி முடித்ததும் கார்டின் கனத்தில் முனை தொங்கினால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்க. தம்பி ஒரு தீர்ந்துபோன மார்க்கர் பேனாவை நிறுத்திட்டான். கச்சிதம்!

முதல் நிமிஷம்

ஆன் பண்ணினதும் கேம் பக்கம் ஓடாதீங்க. ஃபேன் சுத்துதான்னு கண்ணால பாருங்க. அப்புறம் ஜி.பி.யு-ஸி மென்பொருளில் சூட்டைப் பாருங்க. சும்மா இருக்கும்போதே விறுவிறுன்னு ஏறினா உடனே அணைச்சிடணும். கூலர் சரியா உட்காரலைன்னு அர்த்தம். ஜி.டி.எக்ஸ் 1060 வழக்கமா 83 டிகிரி வாக்கில் தன் வேகத்தைத் தானே குறைக்க ஆரம்பிக்கும். அதற்கு என்விடியா சொன்ன உச்ச வரம்பு 94 டிகிரி. அதனால ஏதாவது தப்புன்னா உடனே வெடிச்சிடாது, பயப்படாதீங்க. ஆனா அதை நம்பி வேடிக்கை பார்க்கவும் வேண்டாம்.

தம்பியோட ப்ராஜெக்ட்டையே சோதனைக்கு ஓடவிட்டோம். ரூம் சூடு 34. கார்டு 50, 58, 63... முக்கால் மணி நேரம் கழிச்சு 66-ல் நின்னுடுச்சு. சத்தம்? மேல சுத்துற சீலிங் ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். அந்த 120 வாட் எங்கேயும் காணாமல் போகலை. கார்டில் இருந்து ரூமுக்கு வந்திருக்கு. ரூம் சூடு அஞ்சு டிகிரி ஏறினா கார்டும் ஏறத்தாழ அஞ்சு ஏறும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடிச்சுது. அப்படி ஒரு நாளில் எந்தக் கூலரும் மந்திரம் பண்ணாது. ஜன்னலைத் திறந்து வையுங்க. சாயங்காலம் கடல் காத்து வந்தப்புறம் கனமான வேலையை ஓடவிடுங்க. அது இலவசம்.

கூலரும் இல்லை, காசும் இல்லையா?

கவலையே வேண்டாம். கம்பெனி கொடுத்த அலுமினிய ஹீட் சிங்க் நல்லா இருந்து, ஃபேன் மட்டும் செத்திருந்தால், சில்லையே தொட வேண்டாம். மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியையும் ஃபேனையும் மட்டும் கழற்றிட்டு, 120 மில்லிமீட்டர் கேபினெட் ஃபேன் ரெண்டை கேபிள் டை போட்டுக் கட்டிடுங்க. பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும், காத்து பிச்சுக்கிட்டு வரும். சில மாடல்களில் மூடியைக் கழற்றணும்னா ஹீட் சிங்க்கையே கழற்ற வேண்டியிருக்கும், முதல்ல ஸ்க்ரூக்களைப் பார்த்துக்குங்க. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய ஃபேன் தேடலாம். கண் முன்னால சுத்தவெச்சுப் பார்த்து வாங்குங்க.

பழுதான கார்டை அடுப்பு அவனில் வெச்சுச் சுட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கார்டும் போகும், அம்மாவோட அவனும் போகும்.

கடைசியா ஒண்ணு. அடுத்தவங்க கார்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, ‘இது போச்சுன்னா என்னால திருப்பித் தர முடியுமா?’ன்னு உங்களை நீங்களே கேளுங்க. முடியாதுன்னா, கார்டுக்குச் சொந்தக்காரர் கையிலேயே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துட்டு நீங்க பக்கத்துல நில்லுங்க. அதனாலதான் அன்னிக்குக் கூலரைத் தம்பியையே கழற்றச் சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரி என் பழைய ரூம்மேட்டுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“தரையைக் கூட்டிப் பார்த்தியாடா? ஏதாவது தெறிச்சிருக்கப் போகுது!”

பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. பயபுள்ள மறக்கவே இல்லை!

தம்பியின் ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சுது. சிட்லபாக்கம் ஏரிப் படத்தில் ஆகாயத்தாமரையைப் பச்சையா வட்டம் போட்டுக் காட்டுச்சாம் அவனோட ப்ரோக்ராம்.

அடுத்த வாரம்: ஆன் பண்ணா மூணு தடவை ‘பீப்’ அடிக்குதே, என்னதான் சொல்ல வருது உங்க கம்ப்யூட்டர்? அதுவரைக்கும்... கூலா இருங்க!